எண்ணிம உள்ளீடுகளின் மிகைமின்னழுத்தக் காப்பு

எண்ணிம உள்ளீடுகளின் மிகைமின்னழுத்தக் காப்பு என்பது நுண்சில்லு ஒன்றின் உள்ளீட்டு முனைகளை, அவை தாங்கக்கூடிய அளவை விஞ்சும் மின்னழுத்தத்திலிருந்து காக்கும் இலத்திரனியல் முறைகளின் தொகுதியாகும். எண்ணிமம் என்னுமிடத்தில் இலக்கமுறை, டிஜிட்டல் ஆகிய சொற்களும் வழங்குகின்றன. மெதுவான உள்ளீடுகளைக் காப்பது எளிது. வேகமான உள்ளீடுகளில் காக்கும் உறுப்பே குறிகையைச் சிதைக்கும் தடையாகிவிடுகிறது. இத்துறையின் சிக்கல் பெரும்பாலும் இதுவே.

தமிழ்நாட்டின் இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பகுதி இதனை விளக்க ஏற்றதோர் இடம். பாம்பன் கடற்பாலத்தின் காற்று, அதிர்வு உணரிகள், கமுதியின் சூரிய மின்னிலையம், மீன்பிடிப் படகுகளின் வழிகாட்டும் கருவிகள் என உயிரும் பொருளும் சார்ந்திருக்கும் எண்ணிம உள்ளீடுகள் இங்கு மின்னலுக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே இயங்குகின்றன.

உள்ளீடு சேதமடையும் விதம்

இன்றைய சில்லுகளில் பெரும்பாலானவை சீமாசு வகையைச் சேர்ந்தவை. இவற்றின் உள்ளீடு ஒரு திரிதடையத்தின் வாயிலுடன் இணைந்திருக்கும். வாயிலுக்கும் சிலிக்கனுக்கும் இடையே மிக மெல்லிய ஆக்சைடு படலம் உள்ளது. இப்படலம் தடிப்பில் ஒரு நானோமீட்டருக்கு ஏறத்தாழ 1 வோல்ட்டு வரையே தாங்கும். 3.3 வோல்ட்டு உள்ளீடுகளில் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 7 நானோமீட்டர் ஆகும். எனவே 10 வோல்ட்டு அளவிலான அழுத்தமே அதனைத் துளைக்கப் போதுமானது. துளை விழுந்த படலம் மீண்டும் ஒட்டாது.

படலம் துளைபடாமலேயே கேடு நேரும் வழி ஒன்றும் உண்டு. உள்ளீட்டு மின்னழுத்தம் மின்வழங்கலை விஞ்சும்போது, சில்லின் உள்ளே வடிவமைப்பாளர் விரும்பாமலே அமைந்துவிட்ட நான்கடுக்குத் தைரிசிட்டர் அமைப்பு விழித்துக்கொண்டு மின்வழங்கலையும் நிலத்தையும் குறுக்கே இணைத்துவிடலாம். இது பூட்டிக்கொள்ளல் எனப்படும். மின்சாரத்தை நிறுத்தினாலன்றி இந்நிலை நீங்காது. நீங்குவதற்குள் சில்லு எரிந்துவிடுவதும் உண்டு. தரவுத்தாள்களில் உள்ளீட்டின் உச்ச வரம்பு பெரும்பாலும் மின்வழங்கலை விட 0.5 வோல்ட்டு மட்டுமே கூடுதலாகக் குறிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மூன்றாவது வகைச் சேதம் உடனே தெரிவதில்லை. உள்ளீடு ஓரளவு காயமுற்றுக் கசிவு மின்னோட்டம் கூடிய நிலையில் பல மாதங்கள் இயங்கிப் பின்னர் ஒரு நாள் நின்றுவிடும். அன்றைய தினம் மின்னலும் இருக்காது, மழையும் இருக்காது. காரணம் காண முடியாத பழுதுகள் எனப் பதிவேட்டில் எழுதப்படுபவற்றுள் ஒரு பகுதி இவ்வகையினதே.

மிகைமின்னழுத்தத்தின் தோற்றுவாய்கள்

மனித உடலில் தேங்கும் நிலைமின்னேற்றம் மிக வேகமானது. இதற்கான ஐ.இ.சி. 61000-4-2 சோதனைத் தரத்தில் 150 பிக்கோபாரடு மின்தேக்கி ஒன்று 8 கிலோவோல்ட்டு வரை மின்னேற்றப்பட்டு 330 ஓம் வழியாக இறக்கப்படுகிறது. மின்னோட்டம் ஏறத்தாழ 1 நானோநொடிக்குள் 30 ஆம்பியரை எட்டுகிறது. ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் இத்தொல்லை வறண்ட பகுதிகளைவிடக் குறைவு. குளிரூட்டிய கட்டுப்பாட்டறைக்குள் அந்தச் சலுகை கிடையாது.

மின்னல் இதினும் மெதுவானது, ஆனால் ஆற்றலில் பன்மடங்கு பெரியது. ஐ.இ.சி. 61000-4-5 தரத்தில் மின்னெழுச்சி 1.2 மைக்ரோநொடியில் உயர்ந்து 50 மைக்ரோநொடியில் பாதியாகும் அலையாகக் கொள்ளப்படுகிறது. கருவியின் மீது மின்னல் நேரே விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழும் மின்னலின் காந்தப்புலம் நீண்ட கம்பிகளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். அதனினும் கொடியது நில மின்னழுத்த உயர்வாகும். 30,000 ஆம்பியர் மின்னலொன்று 5 ஓம் நிலத்தொடுப்பு வழியே இறங்கினால் அவ்விடத்து நிலமே ஒரு கணம் 1,50,000 வோல்ட்டுக்கு உயர்கிறது. அங்கிருந்து தொலைவிலுள்ள மற்றொரு கட்டடத்திற்குச் செல்லும் குறிகைக் கம்பி இரு வேறு நிலங்களைத் தொடுத்து நிற்கும். அவ்வேறுபாடு முழுவதும் கம்பியின் இரு முனைகளிலுள்ள சில்லுகளின் மீது விழ முயலும்.

உயரமான அமைப்புகளை மின்னல் நாடும். இராமேசுவரம் தீவில் தொலைக்காட்சி ஒலிபரப்புக்காக எழுப்பப்பட்ட 323 மீட்டர் உயரக் கோபுரம் இந்தியாவின் மிக உயரமான கோபுரங்களுள் ஒன்றாகும். சுற்றிலும் மணலும் கடலும் உள்ள தட்டையான நிலத்தில், இத்தகைய கோபுரங்களின் அடியிலுள்ள கருவிகளுக்கு நில மின்னழுத்த உயர்வு ஏட்டுக் கணக்கு அன்று.

மூன்றாவது தோற்றுவாய் மனிதத் தவறு. 24 வோல்ட்டு கம்பியை 3.3 வோல்ட்டு முனையில் பொருத்திவிடுவது எல்லாத் தொழிற்கூடங்களிலும் நிகழ்வது. இது மைக்ரோநொடியில் முடிவதில்லை. யாரேனும் கவனிக்கும் வரை நீடிக்கும். மின்னலுக்கென அமைத்த சிறு காப்பு உறுப்புகள் இத்தொடர் சுமையில் கருகிவிடும்.

வேகத்திற்கும் காப்பிற்கும் உள்ள முரண்

மிக எளிய காப்பு ஒரு தொடர் மின்தடையமும், உள்ளீட்டிலிருந்து மின்வழங்கலுக்கும் நிலத்திற்கும் இணைக்கப்பட்ட இரண்டு டயோடுகளும் ஆகும். மின்னழுத்தம் வரம்பை மீறும்போது டயோடு கடத்தத் தொடங்கி அதனைப் பிடித்துக்கொள்கிறது. மின்தடையம் மின்னோட்டத்தை அடக்குகிறது. 3.3 வோல்ட்டு உள்ளீட்டில் 24 வோல்ட்டு தவறாக இணைக்கப்பட்டதாகக் கொண்டால், டயோடின் 0.7 வோல்ட்டு போக 20 வோல்ட்டு மின்தடையத்தின் மீது விழும். 1 கிலோஓம் எனில் மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர், மின்தடையத்தில் 0.4 வாட்டு வெப்பம் எழும். 4.7 கிலோஓம் எனில் மின்னோட்டம் 4.3 மில்லிஆம்பியர் அளவில் நின்றுவிடும்.

ஆனால் சில்லின் முனையிலும் டயோடிலும் சேர்ந்து 15 பிக்கோபாரடு மின்தேக்கம் இருக்குமானால், 4.7 கிலோஓமுடன் கூடி 70 நானோநொடி நேர மாறிலி உண்டாகும். குறிகையின் விளிம்பு எழ ஏறத்தாழ 155 நானோநொடி பிடிக்கும். 2 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட குறிகைகள் இவ்வழியே தேய்ந்துவிடும். 480 மெகாபிட்டு வேகமுடைய யூ.எசு.பி. 2.0 இணைப்பில் ஒரு பிட்டின் காலமே 2.08 நானோநொடி என்பதை நோக்க, இம்முறை அங்கு சிறிதும் ஒவ்வாது என்பது விளங்கும்.

இவ்விடத்தில் கவனிக்கப்படாத பிழை ஒன்றும் உண்டு. மேல் டயோடு பிடிக்கும் மின்னோட்டம் மின்வழங்கல் தடத்திற்குள் செல்கிறது. பொதுவான மின்னழுத்தச் சீராக்கிகள் மின்னோட்டத்தை வழங்கும், திரும்ப உறிஞ்சா. பலகை முழுவதும் 5 மில்லிஆம்பியர் மட்டுமே உண்ணும்போது டயோடு வழியே 20 மில்லிஆம்பியர் புகுந்தால், 3.3 வோல்ட்டு தடம் மேலே ஏறிப் பலகையிலுள்ள ஏனைய சில்லுகளையும் கெடுக்கும். ஓர் உள்ளீட்டைக் காக்கப் போய் எல்லாவற்றையும் இழக்கும் இந்நிலையைத் தவிர்க்க, தடத்திலிருந்து நிலத்திற்கு ஒரு சீனர் டயோடு அல்லது அதற்கு நிகரான பிடிப்பு உறுப்பு அமைத்தல் வேண்டும்.

காப்பு உறுப்புகள்

வளிமக் குழல் எனப்படும் மின்னிறக்கக் குழல் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தாங்கும். இதன் மின்தேக்கம் ஏறத்தாழ 1 பிக்கோபாரடு மட்டுமே. ஆகவே வேகமான குறிகைக்கு இடையூறு செய்யாது. எனினும் வளிமம் அயனியாகக் காலம் பிடிப்பதால், விரைந்து உயரும் அலையில் சில நூறு வோல்ட்டு வரை கடந்து சென்ற பின்னரே இது விழிக்கும். உலோக ஆக்சைடு வேரிசிட்டர் பெரும் ஆற்றலை ஏற்கும், ஆனால் அதன் மின்தேக்கம் நூற்றுக்கணக்கான பிக்கோபாரடு முதல் நானோபாரடு வரை செல்வதால் மின்வழங்கல் கம்பிகளுக்கே உரியது. ஒவ்வொரு எழுச்சியிலும் சிறிது தேய்வதும் அதன் இயல்பு.

கணநேர மின்னழுத்த அடக்கி டயோடுகள் நானோநொடிக்குள் செயற்படுவன. 5 வோல்ட்டுக்கான பெரிய அடக்கிகளின் மின்தேக்கம் ஆயிரம் பிக்கோபாரடையும் தாண்டும். இதற்கு மாற்றாக, மிகச்சிறிய இரு வழிப்படுத்தும் டயோடுகளைப் பெரிய அடக்கியுடன் தொடராக அமைக்கும் முறை பரவலாயிற்று. தொடரில் சிறிய மின்தேக்கமே ஓங்கும் என்பதால் மொத்த மதிப்பு 0.5 பிக்கோபாரடு அல்லது அதற்கும் கீழே வருகிறது. 50 ஓம் தடத்தில் இது 25 பிக்கோநொடி நேர மாறிலியையே தரும். 200 பிக்கோநொடி பிட்டுக்காலமுடைய 5 கிகாபிட்டு இணைப்புகளும் இதனைத் தாங்கிக்கொள்ளும்.

எந்த ஓர் உறுப்பும் தனியே போதாது. வெளிக்கம்பி நுழையும் இடத்தில் வளிமக் குழல், உள்ளே அடக்கி டயோடு, இரண்டிற்கும் இடையே ஒரு தொடர் மறிப்பு என்பதே வழக்கமான அடுக்கு. இடையிலுள்ள மறிப்பை வீணென நீக்கிவிடுவோர் உளர், அது இன்றியமையாதது. அதனை நீக்கினால் வேகமான அடக்கி முதலில் கடத்தி மின்னழுத்தத்தைத் தாழ்த்திவிட, வளிமக் குழல் ஒருபோதும் விழிக்காது. சிறியது முழுச்சுமையையும் ஏற்று மடியும். 10 ஓம் மின்தடையம் இருந்தால் 60 ஆம்பியர் பாயும்போது அதன் மீது 600 வோல்ட்டு உண்டாகிக் குழல் விழித்துக்கொள்ளும்.

நில மின்னழுத்த உயர்வுக்குப் பிடிப்பு உறுப்புகளைவிடத் தனிமைப்படுத்தலே சிறந்த மருந்து. ஒளிப்பிணைப்பிகள், மின்தேக்க அல்லது காந்தவழித் தனிமைப்படுத்திகள் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. ஈதர்நெட்டு இணைப்புகளில் உள்ள மின்மாற்றிகள் 1,500 வோல்ட்டு வரை தாங்கும்படி வகுக்கப்பட்டுள்ளன. ஒளியிழை உலோகமற்றதாதலால் இரு நிலங்களின் சண்டை அதன் வழியே பரவுவதில்லை.

தடத்தின் நீளம்

நல்ல உறுப்பைத் தேர்ந்து தவறான இடத்தில் வைப்பது இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் குறையாகும். பலகையிலுள்ள செப்புத் தடம் 10 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 8 நானோஹென்றி தூண்டம் உடையது. 1 நானோநொடியில் 30 ஆம்பியர் எழும்போது இத்தடத்தின் மீது 240 வோல்ட்டு தோன்றும். அடக்கி டயோடு 10 வோல்ட்டில் பிடித்தாலும், அது கிளைத்தடமொன்றின் முனையில் தொங்கினால் சில்லு காண்பது 250 வோல்ட்டாகும். எனவே குறிகைத் தடம் முதலில் அடக்கியின் முனையைத் தொட்டுப் பின்னரே சில்லுக்குச் செல்ல வேண்டும். அடக்கி இணைப்பானுக்கு அருகிலேயே அமைய வேண்டும். அதன் நிலமுனை நேரே நிலத்தளத்தில் இறங்க வேண்டும்.

பாம்பன் பாலம்

பெப்ரவரி 24, 1914 அன்று திறக்கப்பட்ட பழைய பாம்பன் தொடர்வண்டிப் பாலத்தின் கப்பல்வழிக் கண், செர்சர் வகை உருளும் தூக்குப்பாலமாகும். தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் சுற்றி அதனைத் திறந்தனர். அங்கே கெடுவதற்கு எண்ணிம உள்ளீடு ஏதும் இருக்கவில்லை. டிசம்பர் 22, 1964 இரவின் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பயணிகளுடன் ஒரு தொடர்வண்டியும் கடலுள் போன பின்னர்ப் பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. பிற்காலத்தில் பாலத்தில் காற்றுவேகமானி பொருத்தப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை விஞ்சினால் சைகை சிவப்பாகி வண்டிகள் நிறுத்தப்பட்டன.

கிண்ண வகைக் காற்றுவேகமானி சுழற்சிக்கு ஏற்பத் துடிப்புகளை அனுப்பும். 58 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16 மீட்டர். அவ்வேகத்திலும் கருவியின் வகைக்கேற்ப நொடிக்குச் சில முதல் சில நூறு துடிப்புகளே எழும். இத்தகைய உள்ளீட்டில் 10 கிலோஓமும் 10 நானோபாரடும் கொண்ட வடிகட்டி, 1.6 கிலோஹெர்ட்சு வரை விட்டு எஞ்சியதை அறுத்துவிடும். வேகம் தேவைப்படாத முனையை வேகமான சில்லொன்றில் நேரே இணைத்துவிட்டு, பின்னர் அதற்கு விலைமிக்க காப்பு தேடுவது வீண் செலவு.

இங்கு வேறொரு ஆழமான சிக்கல் உள்ளது. மின்னலில் உள்ளீடு செத்துவிட்டால் துடிப்பு வராது. துடிப்பு வராமையை எண்ணி, காற்று இல்லை எனவே படித்துவிடும். அடக்கி டயோடுகள் பழுதுறும்போது பெரும்பாலும் குறுக்கிணைப்பாகவே பழுதுறும். அதன் விளைவும் இதுவே. சில்லைக் காப்பாற்றி உயிர்விட்ட டயோடு, புயலை அமைதி என அறிவித்துவிடும். தொடர்வண்டித் துறையில் சைகைகள் பழுதுற்றால் தடை நிலைக்கே செல்ல வேண்டும் என்பது பழைய விதி. அதற்கிணங்க இரு வேறு உணரிகளை ஒப்பிடுதல், காற்றற்ற நேரத்திலும் இடைவிடாது ஓர் உயிர்த்துடிப்பை அனுப்புதல், 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டக் கண்ணியைப் பயன்படுத்துதல் போன்ற வழிகள் கையாளப்படுகின்றன. மின்னோட்டக் கண்ணியில் காற்றின்மை என்பது 4 மில்லிஆம்பியர். கம்பி அறுந்தாலோ குறிகை குறுகினாலோ 0. இரண்டும் குழம்ப வழியில்லை.

பாலம் முதுமையுற்றபோது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர்கள் அதன் இரும்பு உறுப்புகளில் கண்காணிப்பு உணரிகளைப் பொருத்தினர். தூக்குக் கண்ணில் எச்சரிக்கை எழுந்ததை அடுத்து, டிசம்பர் 23, 2022 அன்று தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பழைய பாலத்தில் அது மீண்டும் தொடங்கவில்லை. 108 ஆண்டுப் பாலத்தின் முடிவில் உணரிகளின் வாக்குக்கும் இடமிருந்தது. அதிர்வு உணரிகளின் தரவு காற்றுத் துடிப்பைப் போல மெதுவானதன்று. கடுமையான வடிகட்டியை வைத்தால் அளக்க வேண்டியதே மறைந்துவிடும். குறைந்த மின்தேக்க அடக்கிகளும் தனிமைப்படுத்தலும் உரியது இத்தகைய இணைப்புகளுக்கே.

ஏப்ரல் 6, 2025 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளக் கண் செங்குத்தாக மின்பொறிகளால் உயர்த்தப்படுகிறது. இவ்வகைப் பாலங்களில், கண் முழுமையாக இறங்கிப் பூட்டப்பட்டதா என்பதை எல்லை உணரிகள் கட்டுப்பாட்டுக் கணினிக்கு உரைத்தாலன்றி வண்டிக்குச் சைகை தருதல் கூடாது.

கமுதி சூரிய மின்னிலையம்

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 செப்டம்பரில் நிறைவுற்ற 648 மெகாவாட்டு மின்னிலையம், ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 25 இலட்சம் தகடுகளுடன் அமைந்தது. 576 மாறுதிசையாக்கிகளும் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் கம்பிகளும் இதில் உள்ளன. இத்துணை நீளக் கம்பி திறந்த வெளியில் பரவிக் கிடப்பது, மின்னலின் நோக்கில் பெரியதோர் அலைவாங்கியே.

இவ்வகை நிலையங்களில் மாறுதிசையாக்கிகளின் தரவைத் திரட்ட ஆர்.எசு. 485 தரம் பரவலாகப் பயன்படுகிறது. இதன் வாங்கிகள் −7 முதல் +12 வோல்ட்டு வரையிலான பொது மின்னழுத்தத்தில் இயங்க வேண்டும் என்பது விதி. ஆகவே இதற்கென விற்கப்படும் அடக்கிகளும் இரு திசைகளிலும் சமமாக இராமல், ஒரு திசையில் 12, மறு திசையில் 7 என அமைந்துள்ளன. சமச்சீரான 5 வோல்ட்டு அடக்கியைப் பொருத்தினால், கேடற்ற சிறு நில வேறுபாட்டிலேயே அது கடத்தித் தரவைக் கெடுக்கும். மாறுதிசையாக்கிக் கூடங்களை இணைக்கும் முதுகெலும்புத் தொடர்புக்கு ஒளியிழையே தக்கது.

நிலத்தொடுப்பும் இடத்திற்கு இடம் வேறுபடும். கமுதி வட்டாரத்தில் காணப்படும் கரிசல் மண் கோடையில் சுருங்கி வெடிக்கும். தண்டுக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விழுந்து நிலத்தடை கூடும். மழைக்காலத்தில் எடுத்த அளவை ஆண்டு முழுவதற்கும் நம்புதல் ஆகாது. கோடை இடிமழை வருவதோ மண் வெடித்துக் கிடக்கும்போதுதான். தீவின் ஈர உப்பு மணலில் நிலத்தடை குறைவு. ஆனால் அவ்வுப்பே துத்தநாகம் பூசிய இரும்புத் தண்டை விரைவில் அரித்துவிடும்.

மீன்பிடிப் படகுகள்

இராமேசுவரம், பாம்பன், மண்டபம் துறைகளின் விசைப்படகுகளில் இடங்காட்டிக் கருவி, எதிரொலி ஆழமானி, வி.எச்.எப். வானொலி ஆகியன உள்ளன. இவற்றை இணைக்கும் என்.எம்.இ.ஏ. 0183 தரம் நொடிக்கு 4,800 பிட்டு வேகத்தில் இயங்குவது. கேட்கும் கருவியின் உள்ளீடு ஒளிப்பிணைப்பியால் தனிமைப்படுத்தப்பட வேண்டும் என அத்தரமே கூறுகிறது. 250 கிலோபிட்டு வேகமுடைய என்.எம்.இ.ஏ. 2000 வடத்திற்குக் குறைந்த மின்தேக்க அடக்கிகள் தேவைப்படும்.

படகில் மின்னலைவிட அடிக்கடி நேர்வது மின்கலக் கம்பி கழலுதல் ஆகும். மின்னாக்கி மின்னேற்றிக் கொண்டிருக்கும்போது மின்கலம் துண்டிக்கப்பட்டால், அதன் மின்னழுத்தம் கணத்தில் தாவும். சாலை வாகனங்களுக்கான ஐ.எசு.ஓ. 16750-2 தரம் இத்தாவலை 12 வோல்ட்டு அமைப்பில் 79 முதல் 101 வோல்ட்டு எனவும், 24 வோல்ட்டு அமைப்பில் 151 முதல் 202 வோல்ட்டு எனவும் கொள்கிறது. இது நூற்றுக்கணக்கான மில்லிநொடி நீடிக்கக்கூடியது. நிலைமின்னேற்றத்திற்கான சிறு அடக்கிகள் இதனைத் தாங்கா. மின்வழங்கல் நுழைவிலேயே பெரிய அடக்கியும் உருகியும் வேண்டும்.

பாக்கு நீரிணை குறுகியது. 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட இந்திய இலங்கைக் கடல் எல்லை மீன்பிடிப் பரப்பின் ஊடே செல்கிறது. இரவில் இடங்காட்டியின் ஓர் உள்ளீட்டுச் சில்லு கெட்டால், படகு எல்லைக்கு எப்பக்கம் நிற்கிறது என்பதை அறிய விண்மீனும் கரை விளக்குமே எஞ்சும்.

உப்பும் பராமரிப்பும்

உப்புப் படிவு காற்றின் ஈரத்தை ஈர்த்துப் பலகையின் மேற்பரப்பில் கசிவுப் பாதை அமைக்கும். உயர்தடை உள்ளீடுகள் இதனால் மிதந்து, மிகைமின்னழுத்தம் ஏதுமின்றியே பொய்க் குறிகை காட்டும். பழுதுபார்ப்போர் இதனைச் சில்லின் கேடாகக் கருதி மாற்றிவிடுவதுண்டு. பலகைக்குக் காப்புப் பூச்சு, இறுக்கமான பெட்டி, கீழ்நோக்கிய கம்பி நுழைவு ஆகியவை இதற்கான ஏற்பாடுகளாகும். நிலமுனைத் திருகில் பச்சை படர்ந்துவிட்டால், அதன் முன்னுள்ள அடக்கி எத்துணை உயர்ந்ததாயினும் இறக்க வழியின்றி நிற்கும். வளிமக் குழல்களையும் வேரிசிட்டர்களையும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்னரே சோதித்து, தேய்ந்தவற்றை மாற்றிவிடுதல் நன்று.